மூச்சு விட்ட பிணம்

எங்கள் தேனிப் பக்கத்தில் ஒரு படத்தை நன்றாயில்லை என்று சொல்வதற்கு முன்னால் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மலையும் வயலும் பச்சையாக இருக்கிறதென்று சினிமாக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். வந்தவர்கள் சும்மா போவதில்லை. டீக்கடையில் நிற்பவரைக் கூட்டிப்போய்ப் பஞ்சாயத்துக் காட்சியில் உட்கார வைத்துவிடுகிறார்கள். ஆகவே கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒருவராவது ஏதோ ஒரு படத்தின் மூலையில் துண்டோடு நிற்பார். இதெல்லாம் தெரிந்திருந்தும் நான் வாயைத் திறந்தேன், அதுவும் பெண் பார்க்கப் போன இடத்தில்.

அப்போது தேனியில் ஒரு மோட்டார் பம்ப் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அது பிழைப்புக்கு. உண்மையான உத்தியோகம், பார்த்த படத்தைப் பற்றியெல்லாம் கருத்துச் சொல்வது. (யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.) கொரியா சீரிஸ் பார்த்துவிட்டு, "கையப் பிடிக்கவே பதினோரு எபிசோடு. நம்ம டவுன் பஸ்ஸே இதவிட வேகமாப் போகும்" என்பேன். மலையாளப் படத்தில் மழை பெய்தால் நல்ல படம், பெய்யாவிட்டால் சுமாரான படம் என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். முந்தைய இரண்டு வரன்களும் என் வாயால்தான் தட்டிப்போயின என்பது அம்மாவின் தீர்ப்பு.

மூன்றாவது வரன் பவித்ரா. கம்பத்துக்குப் பக்கத்தில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டுப் பெண். பெரியவர்கள் சம்மதத்தோடு ஒரு வாரமாகப் போனில் பேசிக்கொண்டிருந்தோம். நான் கருத்துச் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். என் கருத்துக்கு இந்த உலகத்தில் சிரித்த முதல் ஆள் அவள்தான். இந்தக் கல்யாணம் எப்படியாவது நடந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை முட்டிக்கொண்டு நின்றது.

அம்மாவோடு பெண் பார்க்கப் புறப்படும் முன்பு அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "எங்க வீட்டுல வந்து சீரிஸப் பத்திப் பேசாதீங்க. ஏன்னு நேர்ல சொல்றேன்."

சரி என்று பதில் போட்டேன். போட்டதோடு சரி.

கேசரி, வாழைக்காய் பஜ்ஜி எல்லாம் முறைப்படி வந்தன. பவித்ராவின் அப்பா என் எதிரே உட்கார்ந்து, பேச்சு வளர்க்க ஒரு கேள்வி கேட்டார். "தம்பி படமெல்லாம் பாப்பீகளா?"

வைகை அணையில் மதகைத் தூக்கிவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

"நம்ம மயிலாடும்பாறைப் பக்கம் எடுத்தாகளே ஒரு கொலைக்கேஸ் சீரிஸ், அதப் பாத்தீகளா மாமா? கதையெல்லாம் சரிதான். மொத எபிசோட்லயே கவுத்துப்புட்டாக. பிணத்தக் கெடத்தியிருக்காக, வயிறு ஏறி ஏறி எறங்குது. இன்ஸ்பெக்டர் வந்து, செத்து ரொம்ப நேரமாச்சுங்கிறாரு. எனக்கென்னமோ அந்தப் பிணம் எந்திரிச்சு டீ கேக்கும்னே தோணுச்சு."

பவித்ராவின் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு ஊக்கம் கூடியது. காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற பவித்ரா கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். காதல் என்று நினைத்துக்கொண்டேன். (எச்சரிக்கைக்கும் காதலுக்கும் வித்தியாசம் தெரியாத வயசு.)

அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "வயிறு ரொம்பவா தெரிஞ்சுச்சு?" என்றார்.

"ரொம்ப மாமா. மாலையே ஆடுது."

"காலையிலருந்து வெயில்ல மல்லாக்கக் கெடந்து பாருங்க தம்பி, அப்பத் தெரியும்" என்றார். "மூக்குல பஞ்சு. வாயத் தொறக்காம நாடிக்கு ஒரு கட்டு. பின்ன மூச்ச எங்கனதான் விடுறது?"

கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். பவித்ராவின் அம்மா மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினார்.

"நீங்க எப்பக் கெடந்தீக?"

அவர் பஜ்ஜித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சொட்டுநீர்ப் பைப்பு வாங்கப் போறேன்னு ரெண்டு நாளு போனீகளே, அப்பவா?"

"பைப்பும் வாங்குனேன்ல" என்றார் அவர்.

"நான் பூவும் பொட்டுமா இங்கன நிக்கையில, நீங்க மாலையப் போட்டுப் படுத்தீகளா? எவளோ ஒருத்தி வந்து ஒங்க மேல விழுந்து அழுதாளா?"

"நல்லாத்தான் அழுதுச்சு அந்தப் பிள்ள" என்றார் அவர், இன்னமும் நடிகராகவே. பிறகு நிலைமை புரிந்து, "முடிஞ்சதும் எந்திரிச்சுச் சிரிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்தாக. அதுல தோஷம் கழிஞ்சிருமாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மா விருட்டென்று சமையற்கட்டுக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் பேசின. பவித்ரா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் காதருகே, "எனக்கு மட்டுந்தான் தெரியும். இதுக்குத்தான் சொன்னேன்" என்றாள். என் அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு மறுவாரம் வரைக்கும் கன்றியிருந்தது. "கெளம்புலே" என்றார், உதடு அசையாமல்.

செருப்பை மாட்டும்போது எனக்கு நிஜமாகவே அழுகை முட்டியது. ஒரு பிணத்தின் வயிற்றைப் பற்றிக் கருத்துச் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

"தம்பி, நில்லுங்க."

நெற்றி நிறைய விபூதியோடு பவித்ராவின் அம்மா வெளியே வந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"நெசமாவே அவுக மூச்சு விட்டதப் பாத்தீகளா?"

இல்லை என்று சொல்லவா, ஆமாம் என்று சொல்லவா? என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கருத்துச் சொல்ல யோசித்தேன். "பாத்தேன் அத்தை. தெளிவாத் தெரிஞ்சுச்சு."

அவர் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புட்டுப் பேரு பாத்திருப்பாக மதினி. எல்லாரும் செத்துட்டாகன்னுதான நெனச்சிருப்பாக. ஒங்க மகன் ஒருத்தருதான், இல்ல, உசுரோட இருக்காகன்னு சொல்லியிருக்காரு. நல்ல வாயி. உள்ள வாங்க, பூ வச்சிருவோம்."

என் வாயை நல்ல வாய் என்று ஒருவர் சொல்லி அம்மா அதுவரை கேட்டதில்லை. சந்தேகத்தோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

அத்தை நேர்ந்துகொண்டபடி அந்தச் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு மாமனார் தீச்சட்டி எடுத்தார். கூட்டத்தில் அவருக்கு வழிவிடச் சொல்லிக்கொண்டே முன்னால் போனேன். "இப்ப எப்படி தம்பி, நல்லா நடக்குறேனா?" என்று வழியெல்லாம் கேட்டார். குறையே இல்லை மாமா என்றேன்.

இப்போதும் கம்பத்துக்குப் போனால் எல்லாரும் சேர்ந்துதான் சீரிஸ் பார்க்கிறோம். யாராவது செத்தால் மாமனார் நிறுத்தச் சொல்லி, பக்கத்தில் போய் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஓட்டவிடுவார். "வயிறு ஆடுது. இவன் தேற மாட்டான் மாப்ள" என்பார். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு, டிவி முன்னாலேயே மல்லாந்து தூங்கிப்போவார். உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுப்பார்: "ஒங்க மாமா என்ன பண்றாக?"

நானும் பவித்ராவும் என் மகளும் ஒரே குரலில் சொல்வோம்: "மூச்சு விடுறாக."

அதற்குப் பிறகுதான் அத்தை காப்பிக்கு அடுப்பைப் பற்ற வைப்பார்.