பூனைக்குட்டிகளைக் கூடையில் வைத்து பஸ் ஏறவேண்டாம்

காந்திமதியம்மை துணை

திருநெல்வேலி டவுண்,
15-6-94, புதன்கிழமை

வள்ளியூர் மாப்பிள்ளை கோமதிசங்கர் அவர்களுக்கு, வாழைத்தார் மண்டி அம்மையப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை அன்னத்தாயும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் சுப்ரஜாவும் சுகம். அவளுக்குக் கால்வீக்கம் வடிந்துவிட்டது. அங்கே நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும்.

அங்கே உங்கள் வீட்டுத் துவைகல் பக்கத்தில் மூன்று பூனைக்குட்டி கிடப்பதாகவும், கண்கூடத் திறக்கவில்லை, தாயைக் காணோம், வியாழக்கிழமை கூடையில் வைத்துக் கொண்டுவருகிறேன், அத்தை வளர்க்கட்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை, வருத்தப்படக் கூடாது, தொடாதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். நீங்கள் பக்கத்திலேயே நின்றால் அது எப்படி வரும்? எடுத்துவிட்டால் குட்டி பிழைப்பது கஷ்டம். தபாலில் போட்டால் பிந்திவிடும் என்றுதான் நாளைக் காலையில் வள்ளியூருக்குத் தார் ஏற்றப்போகும் லாரி டிரைவர் சங்கிலிபூதத்தான் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் பட்டுத் தெரிந்தவன். போன வருஷம் மண்டிச் சருகுக் குவியலில் இதேபோல மூன்று கிடந்தது. பாவமாச்சேன்னு அள்ளினேன். குட்டிக்குச் சூடு வேணுமில்லையா, முந்தின நாள் புகை போட்டு ஆறின பழுக்கப்போடுற ரூமில் சாக்கு விரித்து வைத்துக் கதவைச் சாத்தினேன். சங்கில் பசும்பால் புகட்டினேன். மூன்றுக்கும் வயிற்றால போயிட்டு. அதுபோதாதுன்னு ஒரு செவலைப் பூனை கதவண்டை வந்து ஓயாம கத்துது. குட்டியைக் கடிக்க வந்த கள்ளப்பூனைன்னு நினைச்சு விளக்குமாத்தால மூணு தரம் விரட்டினேன். வாழைப்பழம் வாங்க வந்த மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் தானியேல் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, பெத்தவளையா விரட்டுதீரு? எடுத்த இடத்துல கொண்டு வையும். தூரமாப் போய் நில்லும். பசும்பால இன்னொரு சொட்டு ஊத்தினீரு, நான் இங்கன பழமே வாங்கமாட்டேன்வே."

காம்பில் இருக்கிற சுண்ணாம்புக் குறியைப் பார்த்தே எந்தத் தோட்டத்துத் தார் என்று சொல்கிறவன் நான். உங்க அத்தை விடுவாளா? "தார் வந்த தோட்டம் தெரியும், குட்டி பெத்த தாய் தெரியலையோ?" என்று ஒரு வாரம் அதையே சொன்னாள். குட்டிகளைத் திரும்ப வைத்துவிட்டு, அந்தப் பக்கம் சுமையே இறக்காமல் எதிர்க்கடையில் போய் உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தச் செவலைப் பூனை பைய வந்தது. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போயிட்டு.

ஆகையால் தூர நின்று பாருங்கள். பொழுது முழுக்கத் தாய் வராவிட்டால் மட்டும் துணியில் சுற்றி, கதகதப்பாக வைத்து, தானியேலிடம் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டு எதையும் முடிவு பண்ணக் கூடாது. இளவயசு, உங்களுக்குத் தெரியாது.

பிள்ளையோடும் பெரும்பேரோடும் தீர்க்காயுசாக இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ச. அம்மையப்பன்

பி.கு: லாரிக்கு வேலையில்லை, இதை உங்கள் கையிலேயே தருகிறேன். இப்போது சாயங்காலம் ஐந்து மணிக்கு, சொன்னதுக்கு ஒரு நாள் முந்தியே, நீங்கள் கூடையோடு வாசலில் வந்து இறங்கியதும், விஷயம் கேட்காமலே வாயில் வந்தபடி ஏசிவிட்டேன். கூடையைத் திறந்தபிறகுதான் தெரிந்தது, குட்டிகளுக்கு நடுவே தாய் படுத்துப் பால் கொடுக்குது. இரண்டு நாள் லீவு போட்டுத் தூரத்தில் காத்திருந்து அதையும் பழக்கினீர்களாமே, சுப்ரஜா சொன்னாள். மேலே எழுதினதை எல்லாம் எனக்கே எழுதினதாக வைத்துக்கொள்கிறேன். இன்னொன்று. சுப்ரஜாவைப் பார்க்க வருவதற்குப் பூனைக்குட்டி வேண்டியதில்லை மாப்பிள்ளை, அடுத்த வாரம் வெறுங்கையோடே வாருங்கள்.