பல் டாக்டருக்கு என்ன கிடைத்தது?

"எவ்வளவு தருவாங்களாம்?" என்று கேட்டாள் பல் டாக்டரின் மனைவி.

வார இதழில் அவருடைய முதல் கவிதை வெளியாகியிருந்தது. இறந்துபோன அப்பாவின் பல்செட், டம்ளர் தண்ணீரில் கிடந்து இன்னும் சிரிக்கிறது என்று எழுதியிருந்தார். அந்தப் பல்செட்டைச் செய்து கொடுத்ததும் அவரேதான்.

"பணமெல்லாம் தர மாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு ஒரு மாசமா விட்டத்தைப் பார்த்துட்டுக் கிடந்தீங்க?"

"யாராவது ஒருத்தர் படிச்சுட்டு, மனசுல பட்டதை ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் சொல்றேன். நல்லாருக்கு. கேஸ் தீர்ந்துடுச்சு, போன் பண்ணிடுங்க."

இதை விமர்சனமாக எடுத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

கிளினிக்கில் உதவியாளர் பெண்ணிடம் இதழை நீட்டினார். அவள் பக்கத்தைத் திருப்பும் முன்பே, "சூப்பர் டாக்டர்! வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்," என்றாள். லீவு கொடுத்ததுதான் மிச்சம்.

தெரிந்தவர்களிடம் கேட்டால் இந்தக் கதிதான் என்று புரிந்தது. நல்லவேளையாகக் கவிதை புனைபெயரில் வந்திருந்தது. இதழை அந்தப் பக்கத்திலேயே விரித்து, வெளியே நோயாளிகள் காத்திருக்கும் மேசையில் வைத்தார். சிகிச்சைக்கு நடுவே பேச்சுவாக்கில், "வெளிய ஒரு கவிதை கிடந்துச்சே, பார்த்தீங்களா?" என்று கொக்கி போட்டார்.

வாய் நிறையப் பஞ்சு வைத்திருக்கிறவர்கள் என்னத்தைச் சொல்வார்கள்? எல்லோரும் "ஆ" என்றார்கள். பிடுங்கிய பல்லை வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைப்பட்ட ஒருவர், அந்தப் பக்கத்தையே கிழித்து மடிக்கப் பார்த்தார்.

மத்தியானத்துக்குள் டாக்டருக்கு வெறுத்துவிட்டது.

"அதைக் கொண்டுபோய்க் குப்பையில போடும்மா," என்றார். அப்பாவை இரண்டாவது முறை வழியனுப்புகிற மாதிரி இருந்தது, பாவம்.

அடுத்து உள்ளே வந்தவர் ஒரு லாரி டிரைவர். நாற்காலி கொள்ளாத உடம்பு, முறுக்கு மீசை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். இவ்வளவு பெரிய ஆளையே பல்வலி இந்தப் பாடு படுத்துகிறதே என்று டாக்டர் இரக்கப்பட்டு, உடனே மரத்துப்போக ஊசி போட்டார். கொஞ்சம் பொறுத்துக் கடைவாய்ப் பல்லில் இடுக்கியை வைத்தார். டிரைவரின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"வலிக்குதா அண்ணே?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு விசும்பினார்.

வீராப்புக்காக மறைக்கிறார் என்று டாக்டர் இன்னொரு ஊசி போட்டார். இப்போது நாக்கும் மரத்துப்போனது. டிரைவர் ஏதோ விளக்கினார். "வவ்வவ்வா" என்றுதான் வெளியே வந்தது. பொறுமையிழந்து கதவைக் காட்டினார்.

"ஐயையோ, ஓடப் பாக்கிறாரு. தோளைப் பிடிம்மா!"

உதவியாளர் தோளை அமுக்கிப் பிடித்தாள். டிரைவர் ஓவென்று அழுதார். வெளியே காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பை மாட்டிக்கொண்டு நழுவும் சத்தம் கேட்டது.

டாக்டர் மருந்துக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் நாற்காலியில் யாரும் இப்படி அழுததே இல்லை. கவிதை நினைப்பில் மருந்தை மாற்றி ஏற்றிவிட்டோமோ? ஊரில் அவருக்கு இருந்த ஒரே நல்ல பெயர், வலிக்காமல் பல் பிடுங்குவார் என்பதுதான். அதுவும் போயிற்று. இனி ஜென்மத்துக்கும் ஒரு வரி எழுதுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டு, மூன்றாவது ஊசியைக் கையில் எடுத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு டிரைவரின் மனைவி உள்ளே வந்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா," என்றார் டாக்டர் பரிதாபமாக. "எவ்வளவு ஊசி போட்டாலும் இவருக்கு வலி நிக்க மாட்டேங்குது."

"வலியாவது ஒண்ணாவது! முதல்ல அந்த ஊசியைக் கீழ வைங்க டாக்டர். இந்தப் பொண்ணு குப்பையில போட எடுத்துட்டுப் போன புத்தகத்தை, சும்மா இருக்காம இவர் வாங்கிப் படிச்சாரு. எவனோ ஒரு பாவி, செத்துப்போன அப்பாவைப் பத்தி எழுதி வச்சிருக்கான். அப்போ ஆரம்பிச்ச அழுகை இது. எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்!"