'ஆல்' விழுங்கி

மனிதர்களில் 'ஆல்' விழுங்கி என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊரிலும் வளரும், எந்தச் சபையிலும் முன்வரிசையில் உட்காரும், ஆமென் சொல்வதில் மற்றவர்களை அரை விநாடி முந்தும். அடையாளம் காண்பது சுலபம். அவருடைய வேதப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பழைய ஏற்பாட்டைப் புரட்டுங்கள். பருவத்தில் மழை, நிறைந்த களஞ்சியம், தலைதெறிக்க ஓடும் எதிரிகள் என்று ஆண்டவர் தந்த வாக்குத்தத்தம் ஒன்று விடாமல் சிவப்புக் கோடு போட்டிருக்கும். ஆனால் கோடு வாக்கியத்தின் நடுவில்தான் ஆரம்பிக்கும். ஏன் நடுவில்? முதல் பாதியில் 'நீ கேட்டால்', 'நீ நடந்தால்', 'நீ கைக்கொண்டால்' என்று ஆண்டவர் ஒரு 'ஆல்' வைத்துத் தொலைத்திருக்கிறாரே, அதனால்தான்.

நாம் பார்க்கப்போகிறவர் வாக்குத்தத்த அட்டைகள் அச்சடிக்கும் அச்சகத்தில் ப்ரூஃப் ரீடர். எல்லாரும் 'ஆமென் சார்' என்பார்கள். உள்ளங்கை அளவு அட்டை. அதில் முக்கால்வாசி சூரியோதயப் படம். மிச்சத்தில் வசனம் அடங்க வேண்டும் என்பது முதலாளியின் கட்டளை. எங்கே அடங்கும்? ஆமென் சார் சிவப்புப் பேனாவை எடுத்தார், முன்பாதியை அடித்தார், பிரச்சினை தீர்ந்தது. பழைய ஏற்பாட்டில் ஒரு ஜனம் நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்து, அடிபட்டு, முணுமுணுத்துக் கற்றுக்கொண்ட பாடம் ஒரே கோட்டில் காலி.

மெஷின்காரருக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"சார், முன்னாடி ஏதோ கண்டிஷன் இருக்கே, அதை விட்டுட்டா அர்த்தம் மாறாதா?"

"யோவ், காலங்காத்தால ஜனங்க ஆறுதல் தேடுவாங்களா, கண்டிஷன் தேடுவாங்களா?"

மெஷின்காரர் மெஷினை ஓட்டினார்.

சரி, இப்படி விழுங்கிய 'ஆல்' எல்லாம் எங்கே போகும்? செரித்துவிடும் என்றா நினைக்கிறீர்கள்? சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒவ்வொன்றாக வெளியே வரும். வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில். அதில் ஆமென் சாரின் அப்பா. இரண்டு கண்ணிலும் புரை. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணுங்கள், தள்ளிப்போட்டால் பார்வையே போய்விடும் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது.

"எப்படா கூட்டிட்டுப் போற?"

"லீவு கிடைச்சா இந்த வாரமே போயிடலாம்ப்பா."

அடுத்த மாதம் 'காலண்டர் வேலை முடிஞ்சா' என்றார். அதற்கடுத்த மாதம் 'மழை விட்டா' என்றார். மழை விட்டது, வேறொரு 'ஆல்' வந்தது. ஆண்டவர் தனக்கு வைத்த நிபந்தனையை எல்லாம் அடித்துவிட்டு, பெற்ற தகப்பனுக்கு மட்டும் ஒன்று குறையாமல் வைத்தார் மனுஷன். அதற்காக அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். தினமும் காலையில் அப்பாவின் தலையில் கைவைத்து, உருகி உருகிக் கண்ணுக்காக ஜெபிப்பார். ஜெபிக்கும்போது தன் கண்ணை இறுக மூடிக்கொள்வார்.

அந்த வருஷத்து முதல் அட்டைக்கு முதலாளி தேர்ந்தெடுத்தது, பெற்றோரை மதித்து நடந்தால் ஆயுசு நீளும் என்கிற கட்டளை. ஆமென் சாரின் பேனா தயங்கவே இல்லை. கட்டளை போய், 'உன் ஆயுசு நீளும்' மட்டும் நின்றது. மை காய்வதற்குள் மனைவி போனில் கூப்பிட்டாள்.

"மாமாவுக்குக் கண்ணுல உயிர் போற வலி. வண்டி புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு ரெண்டு நாள் பொறுத்தா நானே வந்து..."

அந்த 'ஆல்' முடிவதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

வலது கண்ணைக் காப்பாற்றினார்கள். இடது கண்ணுக்குக் காலம் கடந்துவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, புதிதாக அச்சான அட்டை ஒன்றை ஆமென் சார் அப்பாவின் கையில் வைத்தார். கிழவர் அதைக் கண்ணுக்கு அருகே பிடித்தார், தள்ளிப் பிடித்தார், ஓரங்களை விரலால் தடவிப் பார்த்தார். வேதத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்.

"எழுத்து தெரியுதாப்பா?"

"தெரியுது. ஏண்டா, இதுல பாதிதான் இருக்கா, இல்ல எனக்குத்தான் பாதி தெரியுதா?"

மருமகள் புருஷனைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக ஆமென் சாருக்கு வெட்கமாக இருந்தது.

"அட்டையில இடம் பத்தலப்பா" என்றார்.

சிரித்தீர்களா? உங்களிடம் சிவப்புப் பேனா இல்லை, நீங்கள் எந்த அட்டையும் அச்சடிக்கவில்லை, ஆகவே இந்த இனத்தோடு உங்களுக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். போன வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் தயங்கித் தயங்கி ஏதோ கேட்டாரே, நீங்களும் பெரிய மனதோடு ஒரு வார்த்தை கொடுத்தீர்களே, அதை மட்டும் இப்போது ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பாருங்கள். 'நேரம் கிடைச்சா' என்றுதானே ஆரம்பித்தது?