சீர்ப் புடவைக்கு நடுவில் இரண்டு மஞ்சள் பல்பு

சேக்காடு, ஆவடி.
மார்கழி 22.

அன்பு மைத்துனன் ராகவனுக்கு மாமா கஜபதி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா பார்வதமும் சௌக்கியம். கோயம்புத்தூரில் நீயும் உன் வீட்டாரும் அப்படியே இருக்க ஆண்டவன் அருள் செய்யட்டும். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தைக் கையில் எடுத்தான் என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உன் அக்கா "யாரு?" என்று கேட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். விஷயம் ரகசியம், ஆகவே கூரியரில் வருகிறது. படித்ததும் பத்திரமாக வை, உன் மனைவியிடம்கூடச் சொல்லாதே.

போகியன்று விடியற்காலை மகள் லாவண்யா புனேயிலிருந்து குழந்தையோடு விமானத்தில் வந்து இறங்குகிறாள் என்பது உனக்குத் தெரியும். பேரன் பிறந்து நாலு மாதம் ஆகிறது. பிரசவத்துக்கு உன் அக்கா போனாள், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று நான் இங்கேயே நின்றுவிட்டேன். பேரனை போனில் பார்த்ததோடு சரி, அதிலும் பாதி நேரம் அவனுடைய காதுதான் தெரியும். அவன் முதன்முதலாக நம் ஊருக்குள் வருவது என் காரில்தான் வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டது தப்பா, நீயே சொல். ஆனால் உன் அக்கா என்ன சொன்னாள் தெரியுமா? "போகிப் புகையும் பனியும் சேர்ந்துகினா ரோடே தெரியாது. எதிர் வூட்டு சுப்பராயன் அண்ணன் வண்டில மஞ்ச லைட்டு கீது. கொழந்தையும் லாவண்யாவும் அதுல வரட்டும். நீங்க பின்னால பெட்டிங்கள ஏத்திக்கினு வாங்க."

பெட்டிகளை! ராகவா, முப்பத்து நாலு வருஷம் ஃபேக்டரியில் இன்ஸ்பெக்‌ஷன் பார்த்தவன் நான். இந்தச் சுப்பராயனும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். அவனுக்கு மூலை குவார்ட்டர்ஸ் கிடைத்தது, எனக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். எனக்குப் பதினொரு மாதம் முன்னாலேயே அவனுக்குப் பிரமோஷன் வந்தது. ரிட்டயராகி ஆறு வருஷம் கழித்தும் அவன் தலையில் முடி அப்படியே இருக்கிறது. நான் கார் வாங்கினேன், அவனும் அதே கார், அதே கலர், ஆனால் எல்லா வசதியும் உள்ள மாடல். போதாக்குறைக்கு பம்பருக்குக் கீழே இரண்டு பக்கமும் பனிக்குப் போடும் ஃபாக் லைட்டில் போன மாதம் மஞ்சள் பல்பு மாட்டியிருக்கிறான். வண்டியைத் தினமும் துடைக்கிறானே தவிர, இருட்டில் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஆமாம், எனக்குப் பொறாமைதான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

என் வண்டியிலும் ஃபாக் லைட் உண்டு, இரண்டு பல்பும் போய் ஒரு வருஷமாகிறது. ஆவடியில் ஒரு கடையில் கேட்டேன். "சார், எல்.இ.டி போடுங்க, பால் மாதிரி வெள்ளையா அடிக்கும், சுப்பராயன் சார் வண்டியெல்லாம் கிட்டயே வர முடியாது" என்றான். அந்தக் கடைசி வார்த்தைக்காகவே வாங்கினேன். மறுநாள் விடிகாலை பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நல்ல பனி, சோதனை போட்டுப் பார்க்கலாம் என்று வண்டியை விட்டு லைட்டைப் போட்டால் எதிரே வெள்ளையாக ஒரு சுவர்தான் நிற்கிறது, ரோடும் இல்லை ஏரியும் இல்லை, எந்தப் பக்கம் தண்ணீர் என்று தெரியாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டு முருகா முருகா என்று உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலை யாரோ தட்டுகிறார்கள், பார்த்தால் மஃப்ளர் கட்டிக்கொண்டு வாக்கிங் வந்த சுப்பராயன். "கஜா, பனில வெள்ள லைட்டு அடிச்சா பனிதான்யா தெரியும். மஞ்ச போடு" என்றான். அவன் சொன்னது சரி என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, மஞ்சளே போடுவோம் என்றால் பல்புக்கு ஒரு நம்பர் உண்டாம், அது தவறினால் உட்காராதாம். என் பழைய பல்பில் எழுத்து கருகிப்போயிருந்தது, எல்.இ.டி.யைக் கடைக்காரனே மாட்டிவிட்டதால் அதன் பெட்டியும் என்னிடம் இல்லை. அவன் வண்டியும் என் வண்டியும் ஒன்றுதானே, அவனைக் கேட்டிருக்கலாம். கேட்பேனா நான்? அன்றைக்கு மார்கழி பஜனையிலிருந்து அவன் மனைவி கமலம் வெண்பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள், நெய் முழங்கை வரைக்கும் வழிந்தது. அதைச் சாப்பிட்ட கையோடு, அவர்கள் இருவரும் மறுபடி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தெருவில் நின்ற அவன் வண்டிக்கு முன்னால் பேப்பரை விரித்து மல்லாந்து படுத்து, பம்பருக்கு அடியில் கையைவிட்டுத் திருகி வலது பக்கத்துப் பல்பை எடுத்தேன். எழுத்து பொடியாக இருந்ததால் இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்துவிட்டு நம்பரை மனதில் பதித்துக்கொண்டு திரும்ப மாட்டும்போது தலைமாட்டில் துடைப்பமும் கோலப்பொடியுமாக, வாசல் பெருக்க வருகிற பொன்னியம்மா. "இன்னா சார், அவுரு வண்டிக்கு அடில பட்த்துகினு கீற?" என்றாள். சாவி விழுந்துவிட்டது என்றேன். "யாரு சாவி?" என்றாள். பேப்பரைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அந்த நம்பரை வைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போய் ஜாகிர் என்பவர் கடையில் மஞ்சள் ஹாலஜன் பல்பு ஒரு ஜோடி வாங்கினேன். எங்கள் ஃபேக்டரியில் ஒரு துளை போடும் மெஷின் வந்தாலும் பொட்டு வைக்காமல் ஸ்விட்ச் போட்டது கிடையாது, ரிட்டயரானால் பழக்கம் போய்விடுமா? பேரன் வரப்போகிற வண்டி வேறு. இரண்டு பல்புக்கும் சாமி படத்துக்கு முன்னால் சந்தனம் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, ஒன்றை மாட்டி லைட்டைப் போட்டேன். தெரு முழுக்கத் தங்கமாய் ஒரு வெளிச்சம் வந்தது ராகவா, எதிர் வீட்டுச் சுவரில் அது விழுந்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ரெண்டே நிமிஷம், டப். சரக்கில் கோளாறு என்று முடிவு கட்டி இரண்டாவதையும் அதே பொட்டோடு மாட்டினேன். அதுவும் டப்.

கண்ணாடிச் சில்லைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு போய், "ரிஜெக்ட் சரக்கைத் தலையில் கட்டுகிறீர்களா? நான் இன்ஸ்பெக்‌ஷன் ஆசாமி" என்று கடைவாசலில் கத்தினேன். ஜாகிர் ஒரு சில்லை எடுத்து முகர்ந்து பார்த்தார். "அங்கிள், இன்னா இது, சந்தனமா?" என்றார். கடையில் பஞ்சர் ஒட்ட வந்தவன்கூடச் சிரித்தான். "அங்கிள், இந்தக் கண்ணாடில விரலே படக்கூடாது. கொஞ்சம் எண்ண பட்டா போதும், அந்த எடம் சூடேறி வெடிச்சிரும். துணில புட்ச்சி மாட்டணும்" என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னார். நல்ல மனுஷன்தான், அதனாலேயே அந்தக் கடைப்பக்கம் இனி என்னால் போக முடியாது. ஆவடியில் வாங்கினாலோ சாயந்திரத்துக்குள் சுப்பராயனுக்குச் சேதி போய்விடும்.

ஆகவே நீதான் கதி. அக்காவுக்கு வருஷா வருஷம் பொங்கல் சீர் அனுப்புகிறாய் அல்லவா, இந்த வருஷம் அந்தப் புடவை மடிப்புக்கு நடுவில் மஞ்சள் பல்பு ஒரு ஜோடி வைத்து அனுப்பு. நம்பரைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். விரல் படாமல் கட்டு, தயவுசெய்து பொட்டு வைக்காதே. பார்சல் வந்ததும் முதலில் நானே பிரித்துக்கொள்கிறேன். பேரன் சுப்பராயன் காரிலும் பேரனுடைய ஜட்டிகள் என் காரிலுமாக நான் ஆவடிக்குள் நுழையமாட்டேன்.

வீட்டில் அனைவருக்கும் என் ஆசீர்வாதம். பொங்கல் உன் வாசலில் நன்றாகப் பொங்கி, எல்லாச் செல்வமும் நிறையட்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
கஜபதி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போன நேரத்தில் சுப்பராயன் வந்தான். கேட்டைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினான். "கஜா, பார்வதம் கேட்டதும் சரின்னுட்டேன். எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை கீது. எதிர் வண்டி வெளிச்சம் பட்டா ஒண்ணும் தெரியல. அதுக்கோசரம்தான் மஞ்ச லைட்டு போட்டேன், அப்பவும் தெரியல. நீ பனில ஏரிக்கரை வரிக்கும் ஓட்டிக்கினு போறத பாத்து எனக்கு வயிறு எரிஞ்சிச்சுயா. என் வண்டிய நீ ஓட்டு, கொழந்தைய கூட்டியா. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன். ஆப்பரேஷன் ஆவறவரிக்கும் கமலத்துக்கு மட்டும் தெரியவேணாம்." லைட்டைக் காட்டுகிறேன் என்று வெளியே கூட்டிப்போய் ஸ்விட்சைப் போட்டான். இடது பக்கம் எரிந்தது. வலது பக்கம், டப். "புதுசாச்சே, ஏன் கஜா?" என்று கேட்கிறான். சரக்கு சரியில்லை என்றேன்.

பல்பைக் கட்டாயம் அனுப்பு, அவன் வண்டிக்கு. இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன், வேண்டாம், கிழித்துப்போடு. வெண்பொங்கல் வருகிற பத்தியை முதலில் கிழி.