எட்டுப் பேருக்கும் ஒரு நாய்க்கும் பொட்டு

அந்த வெள்ளிக்கிழமை டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா, நான், இறந்து பல வருடமான எட்டு ஆண்கள், அவர்களின் நாய். இல்லாதவர்கள்: வேலைக்குப் போயிருந்த அப்பா, நடந்ததைத் தடுத்திருக்கக்கூடிய என் மேலதிகாரி கிர்ஸ்டன்.

எட்டுப் பேரும் நாயும் ஒரு பழைய புகைப்படத்தில் இருந்தார்கள். மரப்பட்டைத் தோணி, நடுவில் விலங்குத் தோல் மூட்டைகள், கையில் துடுப்புகள். வட கனடாவில் தோல் வியாபாரம் செய்த ஒரு டேனிஷ்காரர் ஊருக்குக் கொண்டுவந்த படம். அவருடைய பேத்தி அதை எங்கள் ஆவணக் காப்பகத்துக்கு இரவல் தந்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் (அம்மா இதை பஸ் டிரைவருக்கும் சொல்லியிருக்கிறார்). காப்பகத்தில் எனக்கு ஆறு மாதத் தற்காலிக வேலை. நிரந்தரமாக்குவதா இல்லையா என்று திங்கட்கிழமை கிர்ஸ்டன் சொல்வார். அழகான விளக்கக் குறிப்பு எழுதி அவரை அசத்த நினைத்துப் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மூலப்படம் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அங்கே முதலாவது விதி. (விதிகள் எனக்கு மனப்பாடம். கடைப்பிடிப்பதுதான் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை.)

"ஆர் தம்பி இவையள்?" என்று அம்மா கேட்டார்.

"கனடாவில தோல் யாவாரம் செய்தவை."

"இப்ப இருக்கினமோ?"

"இல்லையம்மா, எல்லாரும் செத்துக் கனகாலம்."

குளித்துவிட்டு வந்தேன். படம் சாமியறையில் சாய்ந்திருந்தது. விளக்கு எரிந்தது. எட்டு நெற்றியிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தொப்பிக்காரருக்குத் தொப்பியில். எல்லாம் தீக்குச்சி நுனியால் வைத்தது. வேலையில் பிழை சொல்ல முடியாது.

"அம்மா! நாய்க்குமோ?"

"அதுவும் செத்துத்தானே போச்சு? அதை மட்டும் விட்டா நல்லாவோ இருக்கும்?"

நான் ஈரத்துணியை எடுத்தேன்.

"தொடாத தம்பி. உங்கட பெரியவவிட்ட அப்பிடியே குடு."

"எனக்குத் தெரியும். நான் இது படிச்சனான்."

முதல் ஆளைத் துடைத்தேன். பொட்டுப் போனது. மூக்கும் போனது.

திங்கட்கிழமை பேத்தியும் வந்திருந்தார். டேனிஷ்காரர்கள் கோபம் கூடக் கூடக் குரலைத் தாழ்த்துவார்கள். கிர்ஸ்டன் பேசியது எனக்குக் கேட்கவேயில்லை.

"மூக்கில்லாதவர்தான் என் தாத்தா," என்றார் பேத்தி. பிறகு மற்றவர்களின் நெற்றியைக் காட்டினார். "இது என்ன?"

இறந்துபோன எங்கள் ஆட்களின் படத்துக்கு மரியாதையாக இப்படி வைப்போம் என்றேன். அவர் குனிந்து நாயின் நெற்றியைப் பார்த்தார்.

"அப்படியென்றால் நாய்க்கு வைத்ததும் சரிதான்."

வேலை நிரந்தரமாகவில்லை. இன்னும் ஆறு மாதம் நீட்டினார்கள், தண்ணீர்க் குழாய் இல்லாத அறையில். வீட்டில் நான் எதையாவது திருத்த எழும்பினால் அப்பா இன்றைக்கும் தன் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்.

படத்தைச் செப்பனிட்டவரின் பில் வந்தபோது அம்மா கண்ணாடி போட்டு வாசித்தார். சந்தனம், குங்குமம் அகற்ற, நாய் உட்பட, 900 குரோனர். மூக்குக்கு 5,500.

"என்ர தொள்ளாயிரத்தை நான் தாறன்," என்றார். "மிச்சத்தைப் படிச்ச ஆள் கட்டட்டும்."

மொத்தம் 6,400 குரோனர்.