கையுறைத் திறப்பு விழா

மனிதக் கையைக் காப்பாற்ற அவதரித்தவர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களில் பாண்டிதுரையும் ஒருவர் என்பதில் பாண்டிதுரைக்குக் கடுகளவும் சந்தேகம் இருந்ததில்லை.

ராணுவத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊர்ப் பெயரிலேயே வில்லை வைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் வில் பிடிக்க ஆளில்லாதது தேசிய அவமானம் என்று கருதி, ‘மரபு வில் கழகம்’ கண்டார். மூங்கில் வில்லில் அம்பைத் தாங்கத் தனி இடம் கிடையாது. பிடித்த கையின் மேலேயே உரசிக்கொண்டு போகும். போகிற போக்கில் அம்பின் வாலில் கட்டிய இறகின் அடிக்குச்சி பெருவிரலடியைக் கீறும். நாண் திரும்பி வந்து முன்கையில் அறையும். உறுப்பினர்களில் பாதிப் பேர் குறியைவிடத் தங்கள் கையைத்தான் சரியாக அடித்தார்கள். பாண்டிதுரை வில்லைத் தொடாமல் மேற்பார்வை பார்த்தார்.

உடனே ‘கைக்காயத் தடுப்பு உபகுழு’ கூடியது. வடையும் காப்பியும் முடிந்தபின், தோல் கையுறை தைப்பதென ஏகமனதாகக் கை தூக்கப்பட்டது. ராஜபாளையத்தில் தைத்த கையுறைகளும் வந்து சேர்ந்தன. அருமையான கையுறைகள். பாண்டிதுரை அவற்றை அன்றே பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மம்சாபுரத்திலிருந்து பழக வரும் சத்யப்பிரியா கழகத்தின் ஒரே நம்பிக்கை. அவள் விட்டால் அம்பு குறிக்குப் போகும்.

“மாமா, அடுத்த மாசம் ராஜபாளையத்துல போட்டி. ஒரு கையுறை குடுங்க, போட்டுப் பழகிக்கிடுதேன்.”

“இன்னும் தெறக்கலியேம்மா.”

“பீரோவையா?”

“விழாவை. மில் முதலாளி கையால வாங்குனாத்தான் அதுக்கு மதிப்பு. அவிய வார வரைக்கும் கவனமா விடு.”

“அம்புகிட்டயும் செத்த சொல்லி வைங்க.”

முதலாளி வருவதாக இருந்த நாளில் அவர் மச்சினர் வீட்டில் காதுகுத்து. அடுத்த தேதியில் அவருக்கே வயிற்றுக் கோளாறு. ஒவ்வொரு ஒத்திவைப்புக்கும் பாண்டிதுரை கையுறைகளை வெளியே எடுத்து, தேங்காயெண்ணெய் தடவி, மறுபடி பூட்டினார். தோல் வெடித்துவிடக் கூடாதல்லவா?

வெடித்தது வேறு தோல். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, இறகுக் குச்சி சத்யப்பிரியாவின் பெருவிரலடியில் ஆழமாக ஏறிவிட்டது. அவள் அழவில்லை. பாண்டிதுரைதான் அலறினார். பைக்கில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

“கையில எதுவும் மாட்டிக்கிட மாட்டீங்களா?” என்றார் டாக்டரம்மா.

“கையுறை இருக்கு டாக்டர். பத்திரமா இருக்கு.”

“எங்க?”

“பீரோவுல.”

டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தையல் போடக் குனிந்தார். “ஒரு மாசத்துக்கு வில்லைத் தொடக் கூடாது.”

திரும்பும் வழியில் சத்யப்பிரியா, போட்டியிலிருந்து தன் பேரை எடுத்துவிடும்படி மட்டும் சொன்னாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாண்டிதுரைக்கு. இப்படியொரு விபத்து இனி நடக்கவே கூடாது என்று உறுதி பூண்டார். ஆகவே, விழாவை இன்னும் விமரிசையாக நடத்த முடிவுசெய்தார்.

முதலாளி வந்தார். பந்தல், மைக், சால்வை. “கையைக் காத்த கர்ணன்” என்று பாண்டிதுரையை வாயாரப் புகழ்ந்தார். முதல் கையுறை, காயம்பட்ட வீராங்கனைக்கே. சத்யப்பிரியா மேடையேறினாள். இடது கையில் தடித்த கட்டு. முதலாளி எப்படித் திணித்துப் பார்த்தும் கையுறை ஏறவில்லை.

“கட்டைச் செத்த அவுத்துருவமா? போட்டோ எடுத்துட்டுப் பொறவு கட்டிக்கிடலாம்” என்றார்.

பாண்டிதுரை கட்டின் முடிச்சைத் தேடிக் கையை நீட்டியும் விட்டார். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது.

சத்யப்பிரியா தன் கையை இழுத்துக்கொண்டாள். நல்ல கையால் கையுறையை வாங்கி, நீண்டிருந்த அவர் கையில் ஒவ்வொரு விரலாக நுழைத்து, பட்டையை இறுக்கினாள். பிறகு மைக்கில் நிதானமாகச் சொன்னாள்:

“இது மாமாவுக்குத்தான் சேரணும். கழகம் ஆரம்பிச்சதுலருந்து ஒரு கீறல்கூட விழாத கை, நம்ம கழகத்துல இது ஒண்ணுதான்.”

கூட்டம் அதைப் பாராட்டென்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது. வேறு வழி தெரியாமல் பாண்டிதுரையும் தட்டினார்.