மொட்டைமாடிப் பரணி

காணாமற்போன ஆட்டையும் கம்மலையும் சாவிக்கொத்தையும் தேடிக் கொடுத்தே களைத்துப்போன கோடி அற்புதரே, அந்தோணியாரே, இன்னும் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்துத் தந்தருள்க! காரைக்குடி செக்காலைப் பக்கத்து ரோஜா பிளாட்ஸின் மொட்டைமாடியில் எந்த விரிசல் வழியே தண்ணீர் இறங்குகிறது என்று எட்டு வீட்டாரும் தேடிச் சலித்துவிட்ட நிலையில், அந்த வானவெள்ளத்தின் வாயை அடைக்கப் புறப்பட்ட தனிப்பெருந்தகையை, தளை தட்டினால் தலைவலி காணும் தமிழ்மார்பனை, சுண்ணக்கட்டி ஏந்திய செங்கையனை, நல்லாசிரியர் விருதுக்குப் பலமுறை விண்ணப்பித்தும் கலங்காத நெஞ்சுரத்தோனை, பிளாட்டுச் சங்கச் செயலாளன் ஜான் பீட்டரை யாம் பாடுகின்றோம். வாழ்க அவன் கொற்றக்குடை. அதன் கம்பி ஒன்று ஒடிந்திருப்பினும் வாழ்க!

உண்மையைச் சொன்னால், இதைப் பாடிக்கொண்டு மாடிப்படி ஏறியவர் ஜான் பீட்டரேதான். வருடக்கணக்காகத் தமிழ் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட வியாதி அது. பல் விளக்கும்போதுகூடத் தம்மைப் படர்க்கையில் நிறுத்திப் புகழ்ந்துகொள்வார். தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் பிளாட்டுக்காரர்கள் கூடி, “எந்தக் காண்ட்ராக்டருன்னு தமிழய்யாவே முடிவு பண்ணட்டும்” என்று பாரத்தை அவர் தலையில் இறக்கியபோது, முடிசூட்டுகிறார்கள் என்றே அவர் நினைத்துவிட்டார்.

மேல்தளத்து மழை ஒழுகி இறங்குவது அவருடைய கூடத்தில்தான். அந்தக் கூடத்தின் பேரரசி, இல்லக்கிழத்தி பவுலின், அன்று மாலையே அரசாணை பிறப்பித்தாள்.

“ஐப்பசிக்குள்ள ஒழுக்கு நிக்கணும். நிக்கலைன்னா நான் காளையார்கோவில்ல எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் கூப்பிட வராதீக.”

பவுலின் சொன்னால் செய்கிறவள். அவள் இல்லாத வீட்டை ஜான் பீட்டர் எண்ணிப் பார்த்தார். காப்பி இருக்காது, சண்டை இருக்காது, தாம் இயற்றிய வெண்பாவைக் கேட்டுக் கொட்டாவி விடவும் ஆள் இருக்காது.

இனி வருவது படையெழுச்சி. முதலில் வந்தான் முத்தப்பன். செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கடுக்காய்த் தண்ணீரில் குழைத்துக் கொட்டிக் கொட்டி இறுக்கும் பழம்போர் மரபினன், எதிர்வீட்டுக் கூட்டுறவு பேங்க் பொன்னழகுவின் சிபாரிசைக் கேடயமாகத் தாங்கியவன். அடுத்து வந்தான் இனாமுல் ஹசன். கடல் கடந்து துபாயில் பயின்ற ரசாயனப் பூச்சை டப்பா டப்பாவாகச் சுமந்தவன், கீழ்வீட்டில் எஸ்.டி.டி. பூத் நடத்தும் ஹபீப் ரகுமானுக்கு மச்சினன். மூன்றாவதாக, உருக்கிய தாரின் நறுமணம் முன்னே வரப் பின்னே வந்தான் மரிய ஜெரால்டு. தார் ஷீட்டு ஒட்டுவதில் நிகரற்றவன் என்று தன் வாயாலேயே சொல்லக்கூடியவன், பவுலினின் உடன்பிறந்த தம்பி. மூவரும் தனித்தனியே மாடி ஏறினார்கள், காலால் தரையைத் தட்டினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், காண்ட்ராக்டர் குலத்துக்கே உரிய மூலமந்திரத்தை உச்சரித்தார்கள்: “யாருய்யா இதப் போட்டது?”

மூவரில் ஒருவனைத் தேர்ந்தால் போர் முடிந்தது. ஆனால் விதி வலியது. தண்ணீர் மோட்டாரின் சுவிட்சு பொன்னழகுவின் வீட்டுக்குள் இருந்தது. முத்தப்பனைத் தள்ளினால் எந்த நேரத்தில் குழாய் வறளும் என்று சொல்ல முடியாது. எட்டு வீட்டுக்கும் வரும் போன் ஹபீப் ரகுமானின் பூத்துக்குத்தான் வரும். இனாமுலைத் தள்ளினால் மணி அடிக்கும், ஆளைக் கூப்பிட ஆள் வராது. ஜெரால்டுக்காகவோ அதே போனில் ஜான் பீட்டரின் மாமியாரே நேரில் தோன்றிவிட்டார்.

“மாப்ளை, சொந்தப் புள்ள இருக்கையில அசலாருக்குக் குடுத்துறாதீக.”

பூத்தின் கதவு சரியாகச் சாத்தாது. ஆகவே பொழுது சாய்வதற்குள் இந்தச் செய்தி எட்டு வீட்டுக்கும் எட்டிவிட்டது. வியப்பு என்னவென்றால் எதிர்ப்பு முதலில் வந்தது பவுலினிடமிருந்து.

“அவனுக்கு மட்டும் குடுத்துறாதீக. அவன் போட்ட கோழிக்கூடே ஒழுகுது.”

இருதலைக்கொள்ளி எறும்புக்காவது இரண்டு பக்கம்தான் நெருப்பு. நம் தலைவருக்கு நாலு பக்கமும் பற்றி எரிந்தது. புரட்டாசி முழுக்க அவர் யோசித்தார். பரீட்சைத் தாளில் எழுவாய்க்கும் பயனிலைக்கும் மாற்றி மாற்றி மதிப்பெண் போட்டார். யாரையும் வருத்தப்படுத்தாமல் ஒரு காரியம் செய்ய வேண்டும் என்று ஒருவர் நினைத்துவிட்டால் அப்புறம் அந்தக் காரியத்தை அந்தோணியாராலும் காப்பாற்ற முடியாது.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு, மொட்டைமாடியில் பேரவை கூட்டினார். உலரும் வேட்டிகள் கொடிகளாய்ப் படபடக்க, கேபிள் டிஷ் ஒன்று வெண்கொற்றக்குடையெனக் கவிழ்ந்து நிற்க, தண்ணீர்த் தொட்டியின் மேட்டில் ஏறி நின்று முழங்கினார்:

“கேண்மின் பெருமக்களே! அரண்மனை போன்ற வீடுகளையே ஆளுக்கோர் அறையாய்ப் பங்கிட்டு, அடுத்த பாகத்தில் கால் வையாது வாழக் கற்ற சீமை இது. பங்கு வைத்த வீட்டில் பகை இல்லை. ஆதலின் இம்மாடியும் மூன்று பாகம்! மூவேந்தர்க்கும் ஆளுக்கொன்று!”

சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியால் குறுக்கே இரண்டு கோடு கிழித்தார். அடடா, என்ன கைதட்டல்! தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் கிறிஸ்துமசுக்கும் பலகாரம் மாற்றிக்கொள்வதைத் தவிர எதிலுமே ஒத்துப்போகாத எட்டு வீடும் ஒரே குரலில் வாழ்த்தியது. துணி எடுக்க வந்த பவுலின் மட்டும் படியில் நின்று கேட்டாள்:

“கூரை என்ன தோசையா, பிச்சுப் பிச்சுக் குடுக்க?”

வெற்றி முழக்கத்தில் அது வேறு யார் காதிலும் விழவில்லை. விழுந்தது ஜான் பீட்டரின் காதில் மட்டும்தான்; அவரும் விழாததுபோல் இருந்துவிட்டார்.

மேற்குப் பாகம் முத்தப்பனுக்கு, கிழக்கு இனாமுலுக்கு. நடுப்பாகத்தை, தமிழய்யாவின் கூடத்துக்கு நேர் மேலே உள்ளதை, “மச்சான் வீட்டுக்கு நானே போடுறேன்” என்று ஜெரால்டு உரிமையோடு எடுத்துக்கொண்டான். மழைநீர் வெளியேறும் குழாய்களோ மேற்குக் கோடியில் ஒன்று, கிழக்குக் கோடியில் ஒன்று. முத்தப்பன் யோசித்தான்: அடுத்தவன் தண்ணி என் பாகத்தில் ஓடி நாளைக்கு ஒழுகினால் பழி எனக்கல்லவா? சுண்ணக்கோட்டின் மேலேயே சாண் உயரத்துக்கு ஒரு வரப்பு எழுப்பினான். அதைப் பார்த்த இனாமுல், தன் பக்கத்துக் கோட்டில் அதைவிட நாலு விரல் உயர்த்தி ஒன்று எழுப்பினான். வரப்புச் சண்டையிலேயே பிறந்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதில் தப்பே தெரியவில்லை. ஜெரால்டு இரண்டுக்கும் நடுவில் தார் ஷீட்டை ஒட்டிவிட்டு, “ரெண்டு பக்கமும் கரை நல்லா இருக்கு மச்சான்” என்று பாராட்டிவிட்டுப் போனான். ஜான் பீட்டரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, தாம் கிழித்த கோடு மதிலாகிவிட்டதே என்று மனம் பூரித்தார்.

வந்தது ஐப்பசி. கருமுகில் களிறுகள் பிள்ளையார்பட்டிப் பக்கமிருந்து அணிவகுக்க, இடிமுரசு அதிர, மின்னல்வாள் சுழல, வானவேந்தன் தன் நால்வகைத் தானையையும் ரோஜா பிளாட்ஸின் மேல் ஏவினான். மேற்கு காய்ந்தது, கிழக்கு காய்ந்தது, நடுப்பாகம் நிரம்பியது. சிவகங்கைச் சீமையில் அந்த வருடம் முதலில் பெருகிய கண்மாய் அதுதான். அதன் மடை தமிழய்யாவின் கூடத்தில் திறந்தது.

மழை சற்று விட்டதும் சேதி கேட்டு மேலே வந்தார்கள் இரு தரப்புத் தலைவர்களும்.

“எங்க ஆளு பாகத்துல சொட்டு நிக்கல, பாத்தீகளா?” என்றார் பொன்னழகு.

“அல்ஹம்துலில்லாஹ், எங்க பக்கமும் காஞ்சு கெடக்கு” என்றார் ஹபீப் ரகுமான்.

இரண்டும் சத்தியம். இருவரும் நனையாமல் இறங்கிப் போனார்கள்.

மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் ஜான் பீட்டர் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். ஏதாவது ஒரு வரப்பை உடைத்தால் போதும், தண்ணீர் ஓடிவிடும். மேற்கு வரப்பின் மேல் ஓங்கினார். மோட்டார் சுவிட்சு நினைவுக்கு வந்தது. கிழக்கு வரப்பின் மேல் ஓங்கினார். போன் மணி காதில் ஒலித்தது. கணுக்கால் மூழ்கும் நீரில், ஓங்கிய கடப்பாரையோடு, இங்குட்டும் அங்குட்டுமாய் அவர் நடந்த நடையைப் பாட எந்தப் புலவனுக்கும் சொல் கிடையாது, அவருக்கே கிடைக்கவில்லை. ஒரு வரப்பையும் தொடாமல் கீழே வந்தார்.

கூடத்தில் பவுலின் பையில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜான் பீட்டர் சொட்டச் சொட்ட நின்றார். அடைமொழி ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

“பவுலு, தப்பு எம்மேலதான்.”

“அது எட்டு வீட்டுக்கும் தெரியும். தள்ளுங்க.”

அவள் குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள். வாழ்நாளெல்லாம் எவர் மனமும் கோணாது காத்த பெருந்தகை, கட்டியவளின் மனம் கோணியபோது தடுக்க வகையறியாது, துயர்ப்பெருங்கடலில் துடுப்பிழந்த தோணியென, அவள் பையையேனும் சுமக்கும் பேறு பெற்றவராய்ப் பின்னே நடந்து, வெள்ளம் புரளும் வீதிகளைக் கடந்து, விதி இருவரையும் பிரிக்கக் காத்திருந்த அந்தப் பேருந்து நிலையத்தின் வாயிலை அடைந்தார்.

மழையினால் காளையார்கோவில் பஸ் ஓடவில்லை.